தனியாகக் கேட்பதா, சங்கமாகக் கேட்பதா?

குடியாத்தத்தில் என் அத்தை மடியில் முறத்தை வைத்து நாள் முழுக்கப் பீடி சுற்றுவார். 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தக்காரர் சில கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, "சுத்து சரியில்ல" என்று கழித்தால் அந்த உழைப்புக்குக் காசில்லை.

தனியாகப் போய்க் கேட்டால் சில நேரம் அன்றே தீரும், உண்மைதான். ஆனால் மறுவாரம் ஒப்பந்தக்காரரிடமிருந்து பீடி சுற்ற இலை வராது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளிதான் என்றது 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். ஒற்றை ஆளாக நின்று அதைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

சங்கம் மெதுவாகத்தான் நகரும். சந்தா, கூட்டம், வேலூருக்கு அலைச்சல். இருந்தும் கூலி உயர்வை ஊருக்கே சேர்த்துக் கேட்கச் சங்கத்தால்தான் முடியும். நான் சங்கத்தின் பக்கம். அத்தை இப்போது கழித்த கட்டுகளை எண்ணி நோட்டில் எழுதி வைக்கிறார்.