வேலையில் இருந்துகொண்டே டி.பி.ஏ.: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வேலையை விடாமலே வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டம் (டி.பி.ஏ.) வாங்கலாம் என்னும் விளம்பரங்கள் லிங்க்ட்இனைத் திறந்தாலே வரிசையாக வருகின்றன. அப்படி ஒன்றை நம்பி, இங்குள்ள ஓர் இணையவழிக் கல்வி நிறுவனத்தின் மூலம், ஐரோப்பியத் தனியார் மேலாண்மைப் பள்ளி ஒன்றின் டி.பி.ஏ. படிப்பில் சேர்ந்தேன். ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டிய பிறகு, ஆய்வேடு பாதியில் நிற்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் இரு தரப்பின் பெயரையும் தவிர்க்கிறேன். இதே முறையில் விற்கப்படும் படிப்புகள் வேறும் இருப்பதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

டி.பி.ஏ. என்பதே மோசடி என்று சொல்ல வரவில்லை. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் அது முறையான முனைவர் பட்டம். வழிகாட்டிகள், ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல், வெளித்தேர்வாளர் அமரும் வாய்மொழித் தேர்வு ஆகிய எல்லாம் பி.எச்டி.க்கு உள்ளதுபோல் இதற்கும் உண்டு. ஆய்வுக் கேள்வி தன் தொழிலிலிருந்து எழ வேண்டும், விடை தொழிலுக்குத் திரும்பப் பயன்பட வேண்டும் என்பதுதான் வேறுபாடு. என்னை இழுத்ததும் அதுவே. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவைக் கவனிக்கிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுக்காவிட்டால், அதைக் கொடுத்து முடிக்கும் வரை சரக்கு வாங்கிய நிறுவனம் தன் வருமானக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்னும் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குச் சரக்குத் தரும் சிறிய ஃபவுண்டரிகளின் (உலோக வார்ப்பாலைகளின்) நிலை மேம்பட்டதா, அல்லது இந்தச் சட்டத்துக்குப் பயந்து அவர்களுக்குப் போகும் ஆர்டரே குறைந்ததா என்பதுதான் என் தலைப்பு.

தொடக்கம் முதல் வாய்மொழித் தேர்வு வரை ஒரே வழிகாட்டி என்று சேரும்போது சொன்னார்கள். முதலில் வந்தவர் சந்தைப்படுத்தல் துறையைச் சேர்ந்தவர். முந்நூறு பேரிடம் வினாப்படிவம் நிரப்பி வாங்கி எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் புள்ளியியல் மென்பொருளில் போடச் சொன்னார். அவர் போய் அடுத்தவர் வந்ததும் வினாப்படிவத்தை ஒதுக்கிவிட்டு, ஏழெட்டு ஃபவுண்டரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு நேர்காணல் வழியே ஆழமாகப் பார்க்கச் சொன்னார். இரண்டும் செல்லுபடியாகும் முறைகளே. ஆனால் முறை மாறினால் ஆய்வுக் கேள்வி மாறும், அதற்கு முன் எழுதிய இயல்கள் மாறும். அந்த வேலையெல்லாம் அலுவலகம் முடிந்து இரவில் உட்காருகிற மாணவனின் தலையில்தான் விழும். மூன்றாமவர் என் இரண்டாம் இயலைத் திருத்தி அனுப்பிய வேர்டு கோப்பின் ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு இருந்தது: “செவிலியர் மாதிரி அளவு போதாது, தனியார் மருத்துவமனைகளையும் சேர்க்கவும்.” என் ஆய்வேட்டில் செவிலியரும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. விளக்கம் கேட்டபோது, குறிப்பின் பொதுவான கருத்தை எடுத்துக்கொள்ளும்படி ஒருங்கிணைப்பாளர் பதில் அனுப்பினார்.

இதைவிடப் பெரிய குறை அறநெறி ஒப்புதலில் இருந்தது. நான் நேர்காணல் எடுக்க வேண்டிய ஃபவுண்டரி உரிமையாளர்களின் பில்லைப் பாஸ் செய்கிறவனே நான்தான். “எங்கள் கம்பெனி உங்களுக்குப் பணத்தை இழுத்தடிக்கிறதா?” என்று நான் கேட்டால் அவர்கள் உண்மை பேசுவார்களா? பேசினால், அது பின்னால் அவர்களைப் பாதிக்காது என்பதற்கு யார் பொறுப்பு? தான் வேலை செய்யும் இடத்தையே ஆராய்கிறவர்கள் எல்லோருக்கும் வருகிற சிக்கல் இது. முறையான குழுவாக இருந்தால் மூன்றாவது நபரை வைத்துப் பேட்டி எடுக்கலாமா, எங்களுக்குச் சரக்குத் தராத ஃபவுண்டரிகளுக்குப் போகலாமா, என் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி எங்கே என்று துருவியிருக்கும். நான் இந்தச் சிக்கலைப் படிவத்திலேயே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அனுப்பிய அன்று மாலையே, ஒரு கேள்வியும் இல்லாமல், ஒப்புதல் முத்திரையோடு அது திரும்பி வந்தது. படித்துப் பார்த்தவர் எவரும் அப்படி அனுப்பியிருக்க முடியாது.

பிறகு, என்னைச் சேர்த்துவிட்ட இணையவழிக் கல்வி நிறுவனத்தார் வாட்ஸ்அப்பில் ‘ஆய்வேட்டு உதவித் தொகுப்பு’ என்று ஒன்றை நீட்டினார்கள். இயலுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல், கூடவே “யு.ஜி.சி. விதிப்படி ஒப்புமை பத்து சதவீதத்துக்குள்” என்ற உத்தரவாதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டின் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளில், பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பது உண்மைதான்; அதற்காக வேறொருவர் எழுதிக் கொடுப்பது நேர்மையாகிவிடாது. (பட்டத்தின் அங்கீகாரத்தைப் பற்றிக் கேட்டபோது, யு.ஜி.சி. எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னதும் இதே நிறுவனம்தான்.) அந்தத் தொகுப்புக்காக என் நிறுவனத்தின் கொள்முதல் விவரங்களையும் சப்ளையர் வாரியான நிலுவைப் பட்டியலையும் எக்செல் கோப்பாகக் கேட்டார்கள். யாரிடம் போகும் என்று தெரியாத இடத்துக்கு அதை அனுப்பினால் என் வேலையே போய்விடும். மறுத்தேன். அதற்குப் பிறகு அனுப்பிய இயல்களுக்குப் பதில் வருவது நின்றது.

அங்கீகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து எட்டெக் (இணையவழிக் கல்வி) நிறுவனங்கள் விற்கும் ஆன்லைன் பி.எச்டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. “அது பி.எச்டி.க்கு, நம்முடையது டி.பி.ஏ.” என்று கல்வி நிறுவனத்தின் ஆலோசகர் சமாளித்தார். 2023 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட அறிவிப்போ, இந்தக் கூட்டில் தரப்படும் ஆன்லைன் பட்டம், பட்டயம் எதையும் விட்டுவைக்கவில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை இங்குள்ள பட்டத்துக்கு இணையாக ஏற்பது பற்றி யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் கொண்டுவந்த இணைத்தன்மை விதிகளும் உரிமக்கிளை (ஃபிரான்சைஸ்) ஏற்பாட்டில் பெற்ற தகுதிகளை ஏற்பதில்லை. கல்லூரியில் பாடம் நடத்தப் போகலாம் என்ற எண்ணத்தில் இதில் சேருகிறவர்கள் இந்த மூன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐரோப்பா என்ற பெயரும் போதாது: பிரான்சில் மேலாண்மைப் பள்ளிகள் தரும் டி.பி.ஏ. பெரும்பாலும் அந்தப் பள்ளியின் சொந்தப் பட்டமே தவிர, அரசின் தேசிய முனைவர் பட்டம் அல்ல. விளம்பரத்தில் அடுக்கியுள்ள முத்திரைகளில், மேலாண்மைப் பள்ளிகளுக்கான சர்வதேச அங்கீகாரங்களான ஆம்பா, ஈக்விஸ், ஏ.ஏ.சி.எஸ்.பி. ஆகிய பெயர்கள் இருந்தால், அந்தந்த அமைப்பின் இணையதளப் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், ஆம்பா டி.பி.ஏ. படிப்புக்கென்றே தனியாக அங்கீகாரம் தருகிறது. ஐ.எஸ்.ஓ. சான்றிதழுக்கும் ஆய்வேட்டின் தரத்துக்கும் சம்பந்தமில்லை.

பள்ளியிடம் நேரடியாகவே எழுதி, அண்மையில் முடித்தவர்களின் ஆய்வேடுகள் இரண்டையும், உங்கள் துறையில் வழிகாட்டப் போகிறவரின் பெயரையும் கேளுங்கள். தர மறுத்தாலோ, உங்கள் மின்னஞ்சலை இடைத்தரகருக்கே திருப்பிவிட்டாலோ, அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

“வட்டியில்லாத் தவணை” என்பது கல்விக் கட்டணத் தவணை அல்ல. ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் வாங்கப்படும் கடன். பணம் கல்வி நிறுவனத்துக்குப் போய்விடும், படிப்பை விட்டாலும் தவணை நிற்காது, கட்டத் தவறினால் சிபில் மதிப்பெண் விழும். எனக்கு மாதா மாதம் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்த புகாருக்கு, “கல்விப் பங்குதாரரிடம் பேசி வருகிறோம்” என்பதே நிறுவனத்தின் பதில். அடுத்ததாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கல்வி ‘சேவை’ ஆகுமா என்பதில் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லாததால், பள்ளியைவிட இடைத்தரகு நிறுவனத்தின் விளம்பர வாக்குறுதிகளையே வழக்கறிஞர் முன்வைத்திருக்கிறார். என் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் மாணவர் தளத்தில் என் உள்நுழைவை முடக்கிவிட்டார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் புகார் அனுப்பும் முன்பே வழிகாட்டிகளின் குறிப்புகள், சந்திப்புப் பதிவுகள், கட்டண ரசீதுகள், கடன் ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் தரவிறக்கி உங்கள் சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.