ஆஸ்துமா: தினமும் ஸ்டீராய்டா, இழுப்பு வரும்போது மட்டும் மருந்தா?

பிள்ளை நன்றாகத்தானே ஓடியாடுகிறது, இழுப்பு வரும்போது மட்டும் பஃப் கொடுத்தால் போதாதா, எதற்குத் தினமும் ஸ்டீராய்டு? ஆஸ்துமா உள்ள குழந்தையின் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. நியாயமான கேள்விதான். வருடக்கணக்கில் பொறுமையாக இதற்குப் பதில் தேடியது, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 8 மையங்களில் நடந்த ‘கேம்ப்’ ஆய்வு.

5 முதல் 12 வயது வரையான 1,041 குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் லேசான அல்லது மிதமான ஆஸ்துமா. 311 பேருக்கு பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்; 312 பேருக்கு ஸ்டீராய்டு அல்லாத நெடோக்ரோமில்; மீதி 418 பேருக்கு மருந்தில்லாத போலி இன்ஹேலர். இழுப்பு வந்தால் எடுக்க சால்பியூட்டமால் எல்லோரிடமும் இருந்தது. ஆக, மூன்றாவது பிரிவுதான் நாம் கேட்கும் ‘வரும்போது மட்டும் மருந்து’.

4 முதல் 6 ஆண்டுகள் கழித்து, 2000இல் முடிவு வந்தது. நுரையீரல் வளர்ச்சிக்கான முக்கிய அளவீட்டில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. ஸ்டீராய்டை நிறுத்திய சில மாதங்களில், மூச்சுக்குழாய்களின் எரிச்சல்தன்மையில் கிடைத்த முன்னேற்றமும் மறைந்துவிட்டது. அதாவது இந்த மருந்து நோயின் போக்கை மாற்றவில்லை. ‘இரண்டு வருடம் போட்டால் வேரோடு போய்விடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம் எதற்கு அது? போலி இன்ஹேலர் பிரிவோடு ஒப்பிட்டால், பியூடெசோனைடு எடுத்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தது 43 சதவீதம் குறைவு. அவசரமாக டாக்டரிடம் ஓடியது 45 சதவீதம் குறைவு. இரவெல்லாம் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்துக் காத்திருந்த எவருக்கும் இது சின்ன விஷயமில்லை. நெடோக்ரோமில் அவசர ஓட்டத்தையும் வாய்வழி ஸ்டீராய்டின் தேவையையும் கொஞ்சம் குறைத்தது, அவ்வளவுதான். பின்னாளில் அந்த இன்ஹேலர் அமெரிக்கச் சந்தையிலேயே இல்லாமல் போனது.

விலை ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. பியூடெசோனைடு பிரிவின் வளர்ச்சி, போலி இன்ஹேலர் பிரிவைவிட 1.1 செ.மீ. குறைந்தது, பெரும்பாலும் முதல் ஆண்டில். பிறகு எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள், நடக்கவில்லை. சராசரியாக 25 வயதில் அளந்தபோதும் 1.2 செ.மீ. குறைவு: 172.3க்குப் பதில் 171.1. என்னைக் கேட்டால், அடிக்கடி இழுப்பு வரும் குழந்தைக்கு இந்த ஒரு சென்டிமீட்டரைக் கொடுத்துவிடலாம். மருத்துவமனைக் கட்டிலில் கழியும் நாட்களை எந்த உயரமும் ஈடு செய்யாது.

லேசான ஆஸ்துமா என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. 2011இல் வெளியான ‘ட்ரெக்ஸா’ ஆய்வில் 5 முதல் 18 வயது வரையான 288 பேர். தினமும் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குக் கடும் இழுப்பு வந்தது; சால்பியூட்டமால் மட்டும் எடுத்தவர்களில் 49. சால்பியூட்டமால் எடுக்கும்போதெல்லாம் கூடவே ஸ்டீராய்டும் எடுத்தவர்களில் 35, அவர்களுடைய வளர்ச்சியும் குறையவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்த எல்லோருமே ஏற்கெனவே ஆஸ்துமா கட்டுக்குள் இருந்த பிள்ளைகள். தினமும் எடுக்கும் மருந்தை இப்படி மாற்ற நினைத்தால் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாக மாற்றுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.