அசையாதது எது? மலைக்காட்சிகளில் மோக்கா, சிந்த்ஐஸ், பிளெண்டர்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

குன்னூரில் இருந்துகொண்டு சினிமாவுக்கும் வெப் தொடர்களுக்கும் விஎஃப்எக்ஸ் வேலை செய்து வருகிறேன். முக்கால்வாசி ட்ராக்கிங்கும் (படத்தில் ஒன்று ஃபிரேமுக்கு ஃபிரேம் எப்படி நகர்கிறது என்று பின்தொடர்வது) கிளீனப்பும் (வேண்டாததை அழிப்பது)தான். சென்னையிலிருந்து வரும் ஷாட்டுகளில் கணிசமானவை இந்த மலையிலேயே எடுத்தவை. "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்ண்ணா?" என்று புதிதாக வரும் தம்பிகள் கேட்கும்போதெல்லாம், "உன் ஷாட்ல எது அசையாம நிக்குது?" என்று திருப்பிக் கேட்பேன். மோக்காவா, சிந்த்ஐஸா, பிளெண்டரா என்பது அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

நகரத்துத் தெருவில் எடுத்த ஷாட்டில் இந்தக் கேள்வியே எழாது. ஜன்னல் மூலை, கடைப் பலகை, மின்கம்பம் என்று பிடித்துக்கொள்ள எவ்வளவோ இருக்கும். இங்கே ஃபிரேம் முழுக்க இலைதான். கொழுந்து ஆடும், யூகலிப்டஸ் உச்சி ஆடும், மேகம் மலையைத் தாண்டிக்கொண்டே இருக்கும். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் ஷூட்டிங் மேடு என்று ஒரு புல்வெளி இருக்கிறது. டைரக்டர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம். ட்ராக் செய்பவனுக்கு அங்கே கிடைப்பது கீழே சாயும் புல், மேலே ஓடும் மேகம், அவ்வளவுதான்.

பிளேனர் ட்ராக்கிங் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. அது ஒற்றைப் புள்ளியைத் துரத்துவதில்லை. தட்டையான ஒரு பரப்பைச் சுற்றி நாம் கோடு வரைகிறோம். அதற்குள் இருக்கும் மொத்த டெக்ஸ்சரும் அடுத்த ஃபிரேமில் எப்படி நகர்ந்து, பெருத்து, சுழன்று, சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. நாலு மூலையும் எங்கே போகின்றன என்பது விடையாகக் கிடைக்கும். பாதி மறைந்தாலும், ஃபோகஸ் கொஞ்சம் போனாலும் தாக்குப்பிடிப்பது இதனால்தான். இந்த வேலையைச் செய்யும் மோக்காவை உருவாக்கியது இங்கிலாந்தின் இமேஜினியர் சிஸ்டம்ஸ். 2013-இல் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல் தொழில்நுட்ப விருது அதை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்தது. 2014-இல் போரிஸ் எஃப்எக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் சிஎஸ்4 காலத்திலிருந்தே மோக்காவின் சிறிய பதிப்பு கூடவே வருகிறது. பலருக்கும் அறிமுகம் அதன் வழியாகத்தான், எனக்கும்.

இது எங்கே கைகொடுக்கும் என்பதற்கு மலை ரயிலைச் சொல்கிறேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதை. ரயில் மேலே ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். அதாவது பெட்டிகள் முதலில் வரும், நீராவி கடைசியில் வரும். ரன்னிமேடு மாதிரியான சின்ன ஸ்டேஷனில் மஞ்சள் பலகையிலுள்ள பெயரை எடுத்துவிட்டு, கதையில் வரும் கற்பனை ஊரின் பெயரைப் போட வேண்டும். எங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் வேலை இது. மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து, தட்டையான பரப்பு: பிளேனர் ட்ராக்கருக்கு இது தலைவாழை இலை விருந்து. ஷாட்டின் பெரும்பகுதி ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

சிக்கல் நீராவி வரும்போது ஆரம்பிக்கும். அது பலகையை முழுதாக மறைப்பதும் இல்லை, விடுவதும் இல்லை. தெரிகிற பகுதியும் வெளுத்துப்போய் அலைபாயும். ட்ராக்கர் அந்தச் சுருளையே பலகையின் டெக்ஸ்சர் என்று நம்பி அதன் பின்னால் போய்விடும். நீராவி வரும் பகுதிக்குத் தனி லேயர் வரைந்து, அதைப் பலகை லேயருக்கு மேலே வைப்பது என் வழக்கம். மேல் லேயர் மூடும் பரப்பைக் கீழ் லேயர் கணக்கில் எடுக்காது. அதுவும் போதாவிட்டால் பலகையைத் தாங்கும் இரண்டு தூண்களையும் சேர்த்து வளைத்து வரைந்துகொள்வேன். தூணும் பலகையும் ஒரே தளம் என்பதால் கணக்குக் கெடாது. பின்னால் இருக்கும் ஸ்டேஷன் சுவரைச் சேர்த்தால் கெட்டுவிடும், அது வேறு தளம்.

ட்ராக் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். புதுப் பெயர் நீராவிக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அசல் பிளேட்டிலிருந்து (கேமராவில் எடுத்த படத்திலிருந்து) நீராவியை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி மேலே போட வேண்டும். கறுப்பு எழுத்து இருந்த இடங்களில் நீராவி நன்றாகத் தெரியும், மஞ்சளில் அவ்வளவாகத் தெரியாது. அந்தக் கறுப்புப் பகுதிகளை வைத்து மிச்சத்தை ஊகித்து நிரப்புவதில்தான் நேரம் போகும். சூப்பர்வைசர் ட்ராக்கைப் பார்த்து "சூப்பர்" என்பார், நீராவியைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்.

இன்னொரு அன்றாட வேலை, பீரியட் கதைகளுக்கு எதிர்ச்சரிவிலிருக்கும் செல்போன் டவரையும் ரிசார்ட்டுகளையும் அழிப்பது. தேயிலைச் சரிவு பக்கத்தில் மேடும் பள்ளமுமாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது தட்டைதான். பெரிய பரப்பாக வளைத்துப் போட்டால் காற்றில் ஆடும் செடிகளின் சில்லறை அசைவெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், கேமராவின் அசைவு மட்டும் மிஞ்சும். இங்கே ஷியர் (பரப்பு பக்கவாட்டில் சரிவது), பர்ஸ்பெக்டிவ் இரண்டையும் அணைத்துவிட்டு, இடம், அளவு, சுழற்சி மூன்றை மட்டும் விட்டுவைப்பது நல்லது. தேவையில்லாத சுதந்திரம் கொடுத்தால் ட்ராக்கர் காற்றையும் பர்ஸ்பெக்டிவ் என்று எடுத்துக்கொள்ளும். டிரிஃப்ட் இருக்கிறதா என்று பார்க்க மேலே கிரிட்டைப் போட்டு, முதல் ஃபிரேமுக்கும் கடைசி ஃபிரேமுக்கும் மாறி மாறித் தாவிப் பார்ப்பேன். தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தால் மெதுவான நழுவல் கண்ணுக்குத் தெரியாது. நழுவியிருந்தால் மோக்காவின் அட்ஜஸ்ட் ட்ராக்கில் மூலைகளைத் திருத்திவிடலாம்.

மூடுபனி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுவான பாடங்களில் இது வருவதில்லை. தூரத்து மலை நீலமாகத் தெரிவது, காற்றிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால். அப்படிப்பட்ட ஷாட்டில் சிவப்பு சேனலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் முகடும் பாறையும் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதை ட்ராக் செய்துவிட்டு, டேட்டாவை அசல் ஷாட்டில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் அறைக்குள் வரும் நம்ம ஊர் மூடுபனிக்கு இந்தத் தந்திரம் எடுபடாது. அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும். சிவப்பிலும் வெள்ளை, நீலத்திலும் வெள்ளை. அங்கே முதலில் டீநாய்ஸ் செய்து (படத்தில் பொரியும் புள்ளிகளான நாய்ஸைக் குறைத்து), அப்புறம் கான்ட்ராஸ்டை ஏற்றுவேன். வரிசை மாறினால் நாய்ஸும் சேர்ந்து ஏறிவிடும். அப்படியும் பனி வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தால் கையால்தான் ட்ராக் செய்ய வேண்டும்.

சரி, அடுத்தது கேமரா சால்வ், சிந்த்ஐஸையும் பிளெண்டரையும் நான் எடுக்கும் வேலை. காட்சிக்குள் ஒரு 3டி பங்களாவையோ யானையையோ நிறுத்த வேண்டும் என்றால் பிளேனர் போதாது. அந்தக் கேமரா எங்கே நின்றது, எப்படி நகர்ந்தது என்பதையே மீட்டெடுக்க வேண்டும். அதற்குத் தேவை பாராலாக்ஸ்: கிட்டத்தில் இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் நகர்வது. 36 மி.மீ. அகல சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ், 4096 பிக்சல் அகலப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பக்கவாட்டில் ஒரு மீட்டர் நகர்ந்தால் 10 மீட்டர் தூரத்திலிருக்கும் வேலிக்கம்பம் ஏறக்குறைய 400 பிக்சல் நகரும். 2 கிலோமீட்டர் தூரத்துப் பாறை 2 பிக்சல்தான் நகரும்.

கோடநாடு காட்சிமுனையில் நின்று மாயாறு பள்ளத்தாக்கைப் பேன் செய்து எடுத்த ஷாட்டுகள் பல ஏன் சால்வ் ஆகாது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும். ஃபிரேமில் உள்ள எல்லாமே தூரம், கேமராவும் ஸ்டாண்டில் நிற்கிறது. சால்வருக்கு ஆழம் பற்றிய தகவலே கிடைக்காது. இதற்கு சிந்த்ஐஸிலும் பிளெண்டரிலும் டிரைபாட் என்றொரு சால்வ் முறை இருக்கிறது. கேமரா இடம் மாறவில்லை, திரும்ப மட்டும் செய்தது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வானம் மாற்ற, எதிர்மலையில் ஒரு கோயில் வைக்க இது போதும். கைப்பிடிச் சுவர் ஃபிரேமில் இருந்து கேமராவும் நகர்ந்திருந்தால் கதை வேறு. அப்போது சிந்த்ஐஸில் தூரத்து ட்ராக்கர்களை (பின்தொடரும் புள்ளிகளை) 'ஃபார்' என்று குறித்துவிடலாம்; அவற்றைத் திசைக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, இடத்தைக் கிட்டத்து ட்ராக்கர்களிலிருந்து கணக்கிடும். மலைக்காட்சி செய்பவர்களுக்காகவே வைத்த வசதி என்று எனக்குத் தோன்றும்.

எஸ்டேட்டுக்குள் நடந்துகொண்டே எடுத்த ஷாட்டில் பாராலாக்ஸ் தாராளமாக இருக்கும், அசையாத பொருள்தான் கிடைக்காது. ஆட்டோ ட்ராக் போட்டால் தேயிலைத் துளிர்களின் மேல் நூற்றுக்கணக்கில் புள்ளிகள் விழும், அத்தனையும் ஆடும். நான் தேடுவது சில்வர் ஓக் மரங்களின் அடித்தண்டு. உச்சி எவ்வளவு ஆடினாலும் தண்டின் அடிப்பகுதி நிற்கும், பட்டையில் வெள்ளைத் திட்டுகளும் இருக்கும். பாறை, கற்படி, தகரக்கூரையின் ஆணி, எல்லைக்கல் எல்லாம் நல்லவை. ஏமாற்றுவது ஒன்று உண்டு: முன்னால் நிற்கும் மரத்தின் விளிம்பும் பின்னால் தெரியும் மலைமுகடும் வெட்டிக்கொள்ளும் இடம். திரையில் பார்க்க கச்சிதமான மூலை, ஆனால் அப்படி ஒரு இடம் உலகத்தில் இல்லை. கேமரா நகர நகர அதுவும் வழுக்கிக்கொண்டே போகும். ஆட்டோ ட்ராக்கருக்கு இவற்றின்மேல் தனி மோகம். சால்வ் செய்வதற்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட வேண்டும்.

சால்வ் முடிந்ததும் வரும் எரர் எண்ணை (கணக்கிட்ட இடத்துக்கும் ட்ராக் செய்த இடத்துக்கும் உள்ள சராசரி விலகலை) பார்த்துச் சந்தோஷப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிளெண்டரில் 0.3 பிக்சல் என்று வந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எட்டே எட்டு ட்ராக்கர் வைத்துக்கொண்டு, தொந்தரவு தருவதையெல்லாம் தூக்கிவிட்டால் எந்தக் குப்பை சால்வும் அந்த எண்ணைத் தரும். தரையில் சில 3டி கூம்புகளை நிறுத்தி, ஷாட்டை முழுதாக ஓடவிட்டு அடிப்பாகம் வழுக்குகிறதா என்று பார்ப்பதுதான் நான் நம்பும் சோதனை.

கருவிகளை ஒப்பிட்டால்: பிளெண்டரில் 2011-இல் வந்த 2.61 பதிப்பிலிருந்து கேமரா ட்ராக்கிங் இருக்கிறது, காசு கிடையாது. கையால் ட்ராக்கர் வைக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு அது போதும். கற்றுக்கொள்பவர்கள் அதிலேயே தொடங்கட்டும். சிந்த்ஐஸின் முகப்பு முதலில் மிரட்டும். பழகிவிட்டால் மோசமான ஷாட்டைப் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவர அதில்தான் அதிக வழிகள் உண்டு. 2023-இல் அதையும் போரிஸ் எஃப்எக்ஸ் வாங்கியது, அதன் சால்வர் இப்போது மோக்காவின் முழுப் பதிப்பான மோக்கா ப்ரோவுக்குள்ளும் வந்துவிட்டது. சுலபமான ஷாட்டுக்கு அதிலேயே முடித்துவிடுகிறேன். அடம்பிடிக்கும் ஷாட் என்றால் தனி சிந்த்ஐஸுக்குப் போய்விடுவேன். மாதத்துக்கு இரண்டு மூன்று ஷாட் செய்பவர் ப்ரோ சந்தாவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மலையில் இருந்து வேலை செய்வதில் உள்ள கஷ்டம் வேறு. ஸ்டுடியோ அனுப்பும் 4கே டிபிஎக்ஸ் ஃபைலில் ஒரு ஃபிரேம் சுமார் 35 எம்பி. பத்து விநாடி ஷாட் எட்டரை ஜிபி. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போனால் யுபிஎஸ்ஸை நம்பித்தான் எல்லாம். அதனால் புராக்ஸியில் (ஷாட்டின் சிறிய நகலில்) ட்ராக் செய்து டேட்டாவை மட்டும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஸ்டுடியோக்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஃபிலிம் தயாரித்த காலத்தில் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இப்போது ஃபைல் மேலே ஏறுவதற்குள் ரெண்டு டீ குடித்துவிடலாம்.

கடைசியாக, எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு ஷாட் எந்த முறையிலும் சால்வ் ஆகாமல் அடம்பிடித்தது. கேமரா உதவியாளருக்கு ஃபோன் போட்டால், "ஸ்டெபிலைசேஷன் ஆன்லதாங்கண்ணா இருந்துச்சு" என்றார். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் ஒவ்வொரு ஃபிரேமையும் வெவ்வேறு இடத்தில் வெட்டுகிறது. லென்ஸின் மையம் படத்துக்குள் அலைந்துகொண்டே இருக்கும், சால்வரோ அது ஒரே இடத்தில் இருப்பதாக நினைக்கும். அணைத்துவிடுங்கள், ஆட்டத்தை நாங்கள் பிறகு சரிசெய்துகொள்கிறோம். தரையில் ஏதாவது ஒரு தூரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். லென்ஸ் கிரிட் (லென்ஸ் படத்தை எப்படி வளைக்கிறது என்று பார்க்க எடுக்கும் கட்டப் படம்) எடுக்க நேரமில்லை என்றால் எந்த லென்ஸ், எத்தனை மி.மீ. என்பதையாவது குறித்து அனுப்புங்கள். ரிப்போர்ட்டில் 'ஜூம்' என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் விளங்காது.