மார்கழிக் குளிரில் ஆன்லைன் கோழிக்குஞ்சு: 18,500 ரூபாய் போச்சு

கையெல்லாம் நடுங்குகிறது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் கோழிக்குஞ்சு விற்று என்னை ஏமாற்றிய ஆள், தன் ஆன்லைன் பக்கத்தின் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பவும் விளம்பரம் போட ஆரம்பித்துவிட்டான், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தளி பக்கம். மார்கழி, தை விடிகாலைக் குளிர் ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். சித்திரை, வைகாசித் திருவிழா விற்பனைக்குக் கோழி தயாராக வேண்டும் என்றால் இப்போதே குஞ்சு விட வேண்டும். ஆனால் இந்தக் குளிரில் ஒருநாள் குஞ்சு வாங்கினால் தாங்காது. அதனால் ஒரு மாதம் புரூடிங் (செயற்கைச் சூட்டில் வைத்து வளர்ப்பது) முடிந்த சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுதான் வேண்டும் என்று அவனிடம் தெளிவாகச் சொல்லியே கேட்டேன். வீடியோ கால் போட்டு இறகு முளைத்த குஞ்சுகளைக் கையில் எடுத்துக் காட்டினான். "அக்கா, நானும் விவசாயி வீட்டுப் பையன்தான், உங்களை ஏமாத்தி நான் எங்க போகப் போறேன், ராத்திரி கரண்ட் போனாலும் தாங்கும் அக்கா" என்றான். அந்தப் பேச்சில்தான் நம்பினேன். 150 குஞ்சு, ஒன்று 90 ரூபாய். குஞ்சுக்குச் சூடு கொடுக்க, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் "தெர்மோஸ்டாட் வைத்த புரூடர் செட்" 4,500. பஸ் பார்சல் 500. மொத்தம் 18,500 ரூபாயையும் முன்பணமாக வாங்கிக்கொண்டான்.

பெட்டியைப் பிரித்தால் மேலெல்லாம் வெறும் பஞ்சு மயிர், ஓர் இறகு கிடையாது. உடனே கூப்பிட்டேன். "குளிர்ல வளர்ச்சி கம்மியாத்தான் இருக்கும் அக்கா" என்கிறான்! சரி, முதலில் குஞ்சைக் காப்பாற்றுவோம் என்று அந்த புரூடரை மாட்டினால் குஞ்சு மட்டத்தில் தெர்மாமீட்டர் 21 டிகிரி காட்டுகிறது. முதல் வாரத்தில் 35 டிகிரி வேண்டும், அதற்கப்புறம்தான் வாரம் இரண்டு மூன்று டிகிரி குறைக்கலாம். கழற்றிப் பார்த்தால் உள்ளே சிவப்புச் சாயம் அடித்த எல்இடி பல்பு, வெளிச்சம்தான் வரும், சூடு எங்கிருந்து வரும்? அந்த நேரத்தில் குண்டு பல்பு தேடி அலைந்து கட்டித் தொங்கவிடுவதற்குள் குஞ்சுகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து, அடியில் கிடந்ததெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போயின. மீதியிலும் பல கழிச்சலில் போயின. இப்போது இருப்பது 41.

செத்த குஞ்சை அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார், வயிற்றுக்குள் மஞ்சள்கரு இன்னும் கரையாமல் இருக்கிறது. ஒரு மாதக் குஞ்சுக்கு ஏது மஞ்சள்கரு? பொரித்து நாலைந்து நாள்கூட ஆகியிருக்காது என்றார். அந்தப் படத்தை அனுப்பியதும் அவன் பேச்சே மாறிவிட்டது. முதலில் "உங்க பராமரிப்பு சரியில்லை", அப்புறம் "பஸ்காரன்கிட்ட கேளுங்க", அப்புறம் "ஓனர் ஊர்ல இல்லை". தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு என்றவனிடம் மருந்துக் குப்பியின் படம் கேட்டேன், கடைசிவரை வரவில்லை. பிறகு என்னை பிளாக் செய்துவிட்டான். வங்கியில் போய்க் கேட்டால், நீங்களாகத்தானே பணம் அனுப்பினீர்கள் என்கிறார்கள். 18,500 ரூபாய்! எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

குளிர்காலத்தில் குஞ்சு வளர்ப்பது பற்றி விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது மட்டும். நேரில் பார்க்காமல் குஞ்சுக்கு முழுப்பணம் போடாதீர்கள். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் குண்டு பல்பு வாங்கி, குஞ்சு வருவதற்கு முன்பே எரியவிட்டு, தெர்மாமீட்டரைக் குஞ்சு மட்டத்தில் வைத்துப் பாருங்கள். கரி அடுப்பு வைத்தால் கதவை இறுக மூடாதீர்கள், புகையிலேயே செத்துவிடும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.