கருக்குழாய் அடைப்பு: கதீட்டரா, லேப்ராஸ்கோப்பியா, ஐ.வி.எஃப்-ஆ?

ஹெச்.எஸ்.ஜி. (கர்ப்பப்பைக்குள் சாயம் செலுத்திக் கருக்குழாய்களைப் பார்க்கும் எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் "இரண்டு குழாயிலும் அடைப்பு" என்று பார்த்ததுமே குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் நேராக ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே இணைத்து, கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் முறை) பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அடைப்பு கர்ப்பப்பையை ஒட்டி இருக்கிறதா, சினைப்பைப் பக்க முனையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கர்ப்பப்பையை ஒட்டிய இடத்தில் குழாயின் துவாரம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். சாயம் ஏறும்போது அங்குள்ள தசை இறுகிக்கொண்டாலும், சளி மாதிரி கசடு தேங்கியிருந்தாலும் படத்தில் அடைப்பாகவே தெரியும். கதீட்டர் (நெகிழ்வான மெல்லிய குழல்) முறை உதவுவது இங்கேதான். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கர்ப்பப்பை வாய் வழியாகக் கதீட்டரை விட்டு, குழாயின் வாசலில் பொருத்தி, அந்த ஒரு குழாய்க்குள் மட்டும் சாயத்தைச் செலுத்துவார்கள். சிலருக்கு அந்த அழுத்தத்திலேயே வழி பிறந்துவிடும்: சாயம் மெல்லிய இழையாக ஓடி, குழாயின் மறுமுனையில் வயிற்றுக்குள் புகைபோலப் பரவுவது திரையில் தெரியும். வழி பிறக்காவிட்டால் அதே கதீட்டருக்குள் இன்னும் நுண்ணிய கதீட்டரையும் கைடு வயரையும் (வழிகாட்டும் மெல்லிய கம்பி) விட்டுத் திறந்து பார்ப்பார்கள். வெட்டு கிடையாது, பெரும்பாலும் முழு மயக்கமும் வேண்டாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். வயர் குழாயைத் துளைத்துவிடும் அபாயம் உண்டு; பெரும்பாலும் அது தானாக ஆறிவிடும். திறந்த குழாய் மறுபடி அடைத்துக்கொள்வதும் உண்டு.

லேப்ராஸ்கோப்பி (வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்துகொண்டே ஹிஸ்டரோஸ்கோப்பி (கர்ப்பப்பை வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பது) வழியாக வயர் விடுவது இன்னொரு முறை. மயக்கம், வயிற்றில் சிறு துளைகள் எல்லாம் உண்டு. ஆனால் எண்டோமெட்ரியோசிஸையும் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) குழாயைச் சுற்றிய ஒட்டல்களையும் நேரில் பார்த்து, அங்கேயே சரிசெய்யலாம். மாதவிலக்கில் கடும் வலி இருந்தால் நான் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

சினைப்பைப் பக்கத்தில் அடைத்து, நீர் கோத்து வீங்கிய குழாய்க்குக் கதீட்டர் பயன்படாது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்தால் கரு ஒட்டுவதும் கெடும். அதனால் வீக்கம் பெரிதாக இருந்தால் குழாயை அகற்றிவிட்டு ஐ.வி.எஃப். போவதுதான் வழக்கம். பெண்ணின் வயது நாற்பதை நெருங்கினாலோ, விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலோ குழாயைத் திறப்பதில் மாதங்களைச் செலவிட வேண்டாம், ஐ.வி.எஃப்.தான் சரி.

அப்புறம், எந்த வழியில் குழாய் திறந்திருந்தாலும் கர்ப்பம் உறுதியானதும் சீக்கிரமே ஸ்கேன் எடுங்கள். கரு குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.