போட்டிச் சுற்றா, பேரலையா?

அலைச்சறுக்கைத் தொழிலாக ஏற்க விரும்பும் இளையோர் பலர், அமெரிக்க வீரர் கெல்லி ஸ்லேட்டரின் போட்டிப் பாதையா, அவர் நாட்டவரான லேர்ட் ஹாமில்டனின், மாபெரும் அலைகளைத் தேடிச் செல்லும் பேரலைப் பாதையா என்று தயங்குகின்றனர்.

வருவாய்: முன்னவருக்குப் பரிசுத்தொகையும் விளம்பரமும் கைகொடுத்தன, போட்டிச் சுற்றைத் தவிர்த்த பின்னவருக்குப் படங்களும் விளம்பரமும் துணைநின்றன.

நீடிப்பு: 1992-இல் 20 வயதில் முதல் உலகப் பட்டமும், 2011-இல் 39 வயதில் 11-ஆவது பட்டமும் வென்ற ஸ்லேட்டர், 2022-இல் தம் 50-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு ஹவாயின் பைப்லைன் கடற்கரையில் நடந்த போட்டியில் மீண்டும் வாகை சூடினார். இத்தகைய நீடிப்பு எந்த விளையாட்டிலும் அரிது என்றே கருதுகிறேன்.

ஆபத்து: அலைக்கடியில் உள்ள பவளப்பாறை இருவரையும் ஒன்றாகவே நடத்தும், ஆயினும் 2000-இல் பசிபிக் தீவான டஹிட்டியின் டியாஹுபூவில், நீர் ஸ்கூட்டரால் இழுத்துவிடப்பட்ட ஹாமில்டன், தலைக்கு மேல் சுருண்ட அலையினுள் விழாதிருக்கப் பின்பக்கக் கையால் பலகையின் மறுபுறம் நீரை அளைந்தபடி சென்றது, போட்டியில் எளிதில் காணக்கிடைக்காத துணிவு.

ஆண்டு முழுதும் பயணமும் நடுவர் மதிப்பெண்ணும் ஏற்புடையோருக்குப் போட்டிச் சுற்றே பொருந்தும். ஓர் அலைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் நம்பகமான மீட்புத் துணையும் உடையோர் பேரலையைத் தேரலாம்.