ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை: எதை முதலில் வாசிக்கலாம்?

பேரிடருக்குப் பின் நடந்த அநீதியைப் பற்றி மனதைத் தொடும் புத்தகம் வேண்டும் என்று காரைக்குடியில் தங்கை கேட்டாள். கைவசம் இரண்டு இருந்தன.

ஷெரி ஃபிங்கின் ‘ஃபைவ் டேஸ் அட் மெமோரியல்’, 2005 கத்ரீனா புயலில் கரண்ட் போய் வெள்ளத்தில் மாட்டிய நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனையின் கதை. யாரை முதலில் வெளியேற்றுவது என்று நோயாளிகளுக்கு 1, 2, 3 என எண் போட்டார்கள். மோசமாக இருந்தவர்களுக்குக் கடைசி இடம். அப்புறம் அங்கே 45 உடல்கள் கிடைத்தன. சட்டமும் மருத்துவமும் நிறைந்த கனமான நூல், நிதானமாகத்தான் வாசிக்க முடியும்.

ரிச்சர்ட் லாய்ட் பாரியின் ‘கோஸ்ட்ஸ் ஆஃப் த சுனாமி’ நேராக நெஞ்சில் இறங்குகிறது. 2011, ஜப்பானின் ஒகாவா தொடக்கப்பள்ளி. பின்னாலேயே குன்று, பிள்ளைகள் காளான் வளர்த்துப் பழகிய இடம். ஆனாலும் நிலநடுக்கம் வந்தபின் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆசிரியர்கள் அவர்களை மைதானத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். சுனாமி அலையில் 74 குழந்தைகள் போய்விட்டார்கள். ஒரு தாய் மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, தன் மகளைச் சேற்றில் தானே தேடினாள். அந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் தாண்ட முடியவில்லை. அதிகாரிகளோ மழுப்பினார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம்வரை வென்றார்கள். புத்தகம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் இங்கே வந்தோம் என்று அப்பத்தாக்கள் சொல்லும் ஊர் இது. தங்கைக்கு சுனாமி புத்தகத்தைத்தான் கொடுத்தேன். வளவில் உட்கார்ந்து வாசித்தவள், பாதியில் மூடிவிட்டு, மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிவிட்டாள்.